குணலட்சுமி திருப்பிக் கொடுத்த முகங்கள்

கொக்குவில் புகையிரத நிலையத்துக்குக் கிட்ட, ஒரு தையல் கடையை ஒட்டினாற்போல் தில்லை ஸ்ரூடியோ இருந்தது. கமராவுக்குப் பின்னால் நின்று, "கொஞ்சம் நாடியை உயர்த்துங்கோ" என்று சொல்பவர் தில்லைநாதன். ஆனால் ஸ்ரூடியோவின் பெயர் பரவியது அவருடைய மனைவி குணலட்சுமியால். கலியாணப் பேச்சுக்குப் படம் வேண்டுமென்றால் உடுப்பிட்டியிலிருந்துகூடப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "அங்கை போனால் அந்த அக்கா வடிவாக்கித் தருவா" என்று பேச்சு.

கமராவில் எடுத்துக் கழுவிக் காய்ந்த பிலிம், அதாவது நெகரிவ், குணலட்சுமியின் மேசைக்கு வரும். யன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவும்படி சாய்த்து வைத்த கண்ணாடியின் மேல் அதை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தில் வேலை செய்வாள். அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பு எல்லாம் பென்சில் பட்ட இடத்தில் இல்லாமல் போய்விடும். கறுத்த முகம் கொஞ்சம் வெளுக்கும். ரச்சிங் என்று அதைச் சொல்வார்கள். கலியாணம் கட்டி வந்த பிறகு கணவர் பழக்கிவிட்ட வேலை அது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பகல் முழுக்க அவள் ஊராரின் முகங்களோடு இருந்தாள். யாரும் கேட்காவிட்டாலும் திருத்துவாள். ஒரு குறையோடு ஒருவரை வெளியே அனுப்ப அவளுக்கு மனம் வராது.

அப்படித்தான் ஒருநாள் உரும்பிராயில் தோட்டம் செய்யும் சிவக்கொழுந்து தன் மகன் குகதாசனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்குப் பதினாறு வயது. பரீட்சைக்கு ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது. அவனுடைய இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் ஒரு வடு ஓடியது. எட்டு வயதில் பனை மட்டையின் கருக்குக் கீறியது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று வகுப்புப் படத்துக்குக்கூட அவன் நிற்பதில்லை.

"பிள்ளை, இந்தக் கோட்டை ஒருக்கா இல்லாமல் செய்துவிடும். நாளைக்கு அவனுக்கு ஒரு வேலை வெட்டி கிடைக்கவேணுமெல்லோ" என்று குணலட்சுமியிடம் சொன்னாள் சிவக்கொழுந்து.

தில்லைநாதன் தயங்கினார். "ஐசிப் படத்திலை கை வைக்கக்கூடாது. உள்ளபடி இருக்கவேணும்."

"ஆர் உதைப் பாக்கப் போறாங்கள்" என்று குணலட்சுமி சிரித்தாள்.

படத்தை வாங்க வந்தபோது குகதாசன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "இது நானோ அக்கா?" என்று கேட்டான். அவன் பல் தெரியச் சிரித்ததை அவள் அன்றுதான் கண்டாள். வீட்டுக்குப் போய் அதைத் தில்லைநாதனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

*

அதற்கு இரண்டு வருடம் கழித்து, எண்பத்து நாலாம் ஆண்டு கார்த்திகை மாதம். ஒரு காலையில் ஸ்ரூடியோ வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. ஆமிக்காரர் நாலைந்து பேரும், தமிழ் கதைக்கத் தெரிந்த ஒரு பொலிஸ் சார்ஜனும் இறங்கினார்கள்.

"ஐசிக்கு எடுத்த படங்களின்ரை நெகரிவ் எல்லாம் எங்கை?" என்று சார்ஜன் கேட்டான்.

தில்லைநாதன் அலுமாரியைக் காட்டினார். நெகரிவ் ஒவ்வொன்றையும் சின்னக் கடதாசி உறையில் போட்டு, பெயரையும் ஊரையும் எழுதி, பிஸ்கட் தகரங்களில் அடுக்கி வைப்பது அவர் வழக்கம். இன்னொரு பிரதி வேண்டுமென்று யாராவது வந்தால் உடனே எடுத்துக் கழுவிக் கொடுக்கலாம். அந்த ஒழுங்கில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆமிக்காரர் தகரங்களைத் தூக்கினார்கள். ஒருவன் மூடியைத் திறந்து, ஒரு நெகரிவை விரல் பதிய எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பின்னறை வாசலில் நின்ற குணலட்சுமி பொறுக்கமாட்டாமல், "கை படாமல் ஓரத்திலை பிடியுங்கோ, கீறல் விழுந்திடும்" என்றாள்.

"பயப்படாதேங்கோ, பாத்துப்போட்டுத் தருவம்" என்றான் சார்ஜன்.

ஜீப் போய்விட்டது. அன்று தான் சொன்னது அந்த ஒரு சொல்தான் என்பதைப் பின்னால் அவள் அடிக்கடி நினைத்துக்கொண்டாள். எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இது உங்களுடையது அல்ல என்று சொல்லவில்லை. துவக்குகளுக்கு முன்னால் சொல்லியும் ஒன்றும் ஆகியிராது. ஆனாலும் நெகரிவில் கீறல் விழும் என்ற கவலை மட்டுமே தனக்கு வந்ததே என்பது அவளை விட்டுப் போகவில்லை.

ஆமி முகாமில் அந்த நெகரிவுகளையெல்லாம் படமாக்கி ஒரு தடித்த அல்பத்தில் ஒட்டினார்கள். பெயரும் ஊரும் கீழே. தேடப்பட்ட ஒருவனின் மங்கலான படம் அவர்களிடம் இருந்தது. வெளுத்த, வழுவழுப்பான முகம். கூடிய புருவம். அதை வைத்துக்கொண்டு அல்பத்தைப் புரட்டியபோது குகதாசனின் படத்தில் வந்து நின்றார்கள். உரும்பிராய்க்குப் போய் அவனைத் தோட்டத்தில் வைத்துப் பிடித்தார்கள். மண்வெட்டியும் கையுமாக நின்றவனை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை சிவக்கொழுந்து ஸ்ரூடியோவுக்கு ஓடிவந்தாள். முகாம் வாசலில் நின்று அழுது மகனைக் கண்டுவிட்டு வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"பிள்ளை, படத்திலை வடு இல்லை, மூஞ்சையிலை வடு இருக்கு எண்டு கேட்டு அடிக்கிறாங்கள். குண்டு செய்யேக்கை வெடிச்ச காயமாம். எட்டு வயசிலை கருக்குக் கீறினது எண்டு நான் சொல்ல, அப்ப பதினாறு வயசுப் படத்திலை ஏன் இல்லை எண்டு கேக்கிறாங்கள். நான் என்னத்தைச் சொல்ல? நான்தானே பிள்ளை உம்மட்டைச் செய்யச் சொன்னனான்."

குணலட்சுமி எழும்பிவிட்டாள். அந்த வடு அவனைக் காப்பாற்றியிருக்க வேண்டியது. தேடப்பட்டவனுக்கு வடு இல்லை. ஒருமுறை முகத்தைப் பார்த்தால் வேறு ஆள் என்று தெரிந்துவிடும். ஆனால் அவர்கள் முகத்தை விட்டுவிட்டுப் படத்தை நம்பினார்கள். படமோ அவள் கையால் மாறிய படம்.

"நான் வந்து சொல்லுறன். நான்தான் அழிச்சனான் எண்டு சொல்லுறன். இப்பவே போவம்."

தில்லைநாதன் குறுக்கே வந்தார். "இஞ்சை பார், ஐசிப் படத்தைத் திருத்தினது குற்றம். நீயாப் போய்ச் சொன்னால் உன்னையும் உள்ளுக்கை வைப்பாங்கள். கொஞ்சம் பொறு. ஒரு அப்புக்காத்தைக் கேட்டுப்போட்டு, அவரோடை போவம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது முகாமுக்குள் போன பெண்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் பொறுத்தாள். கோட்டில் வழக்குப் பேசும் அந்த அப்புக்காத்து கொழும்புக்குப் போயிருந்தார். அவர் வந்தபோது ஊரடங்கு போட்டார்கள். ஊரடங்கு எடுத்தபோது, "நான் வாறது நல்லதில்லை, நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்றுவிட்டார். ஒவ்வொரு நாளும் சிவக்கொழுந்து காலையில் முகாம் வாசலுக்குப் போனாள். பின்னேரம் ஸ்ரூடியோ வாசலுக்கு வந்து ஒன்றும் கேளாமல் நின்றுவிட்டுப் போனாள்.

கடைசியில் கணவனும் மனைவியுமாக முகாமுக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி இருந்தார். அந்தச் சார்ஜன்தான் மொழிபெயர்த்தான். மேசையில் அல்பம் கிடந்தது.

குணலட்சுமி நின்றபடியே சொன்னாள். "ஐயா, குகதாசன் எண்ட பெடியன்ரை கன்னத்திலை அந்த வடு படம் எடுக்கேக்கையே இருந்தது. நான்தான் பென்சிலாலை மறைச்சனான். நெகரிவைக் கொண்டு வந்தால், துடைச்சுக் காட்டுறன். வடு தெரியும்."

நெகரிவ் அங்கே இல்லை, கொழும்புக்கு அனுப்பியாயிற்று என்றார் அதிகாரி. பிறகு அல்பத்தைப் புரட்டி ஒரு படத்தில் விரல் வைத்தார். "இதிலும் கை வைத்தாயா?" என்று சார்ஜன் மூலம் கேட்டார்.

"ஓம். மூக்குக்குப் பக்கத்திலை ஒரு பெரிய மச்சம் இருந்தது."

"இதில்?"

"அம்மைத் தழும்பு. ஆளும் இவ்வளவு வெள்ளை இல்லை."

"இதில்?"

"எல்லாத்திலையும்தான் ஐயா. இதுக்குள்ளை இருக்கிற ஒரு முகமும் உள்ளபடி இல்லை. நான் வடிவாக்கின முகங்கள். இதை வைச்சு ஒருத்தரையும் பிடிக்கேலாது."

தில்லைநாதன் அவளுடைய முழங்கையைப் பிடித்தார். அதிகாரி அல்பத்தை மூடிவிட்டு ஏதோ சொன்னார். சார்ஜன் திருப்பினான்.

"அப்ப இந்த அல்பத்தைத் தூக்கி எறியட்டோ எண்டு ஐயா கேக்கிறார்."

"ஓம். எறியவேணும்."

"எறிஞ்சால் எங்களிட்டை வேறை ஒண்டும் இல்லையாம். நீங்கள் சொன்னதை எழுதி அனுப்புவினமாம்." சார்ஜன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, அந்தப் பெடியன் இப்ப இஞ்சை இல்லை. முந்தநாள்தான் தெற்குக்கு ஏத்தினவை."

இருவரும் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். வீட்டுப் படலையைத் திறக்கும்போது அவள் சொன்னாள்: "பொறு எண்டியள். நான் பொறுத்தன்."

அதற்கு மேல் அவள் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஒன்றையும் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு வருந்தினாள்.

*

அதன் பிறகு அடையாள அட்டைப் படங்களில் குணலட்சுமி பென்சில் வைக்கவில்லை. கலியாணப் படங்களிலும் கை ஓடவில்லை. "உங்கடை முகம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிடுவாள். உடுப்பிட்டியிலிருந்து வருவது நின்றுபோயிற்று.

ஒருநாள் அவள் கணவரிடம் கேட்டாள்: "படம் குடுக்கேக்கை நெகரிவையும் அவையிட்டையே குடுத்துவிட்டால் என்ன? நாங்கள் ஏன் எல்லாற்றை முகத்தையும் சேர்த்து வைச்சிருக்கிறம்?"

"நாளைக்கு ஒரு பிரதி வேணுமெண்டு வந்தால்? கலியாணப் படம் துலைஞ்சு போச்சு, செத்தவருக்கு மாலை போட ஒரு படம் வேணும் எண்டு வந்தால்? அதுக்குத்தானே சனம் எங்களை நம்பிக் குடுக்குது."

அவர் சொன்னதும் உண்மைதான். அப்படி எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். தகரங்கள் மறுபடி நிரம்பின.

குகதாசன் எண்பத்தேழாம் ஆண்டு ஆவணியில்தான் வந்தான். இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதியபின் தடுப்பிலிருந்தவர்களைத் தொகையாக விட்டார்கள். சிவக்கொழுந்து அவனை நேரே ஸ்ரூடியோவுக்குக் கூட்டிவந்தாள். பறித்த அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. புதிதாக எடுக்கவேண்டும். ஆள் பாதியாகியிருந்தான். இடது காது கேட்கவில்லை. யார் கதைத்தாலும் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தான்.

"அக்கா, இந்தமுறை ஒண்டும் செய்யவேண்டாம்" என்றான்.

"செய்யமாட்டன் தம்பி." அவள் அவனுக்குக் கதிரையை இழுத்து வைத்தாள். "நான் அண்டைக்கு உடனை வந்திருக்கவேணும். வராமல் விட்டிட்டன்."

"விடுங்கோ அக்கா. நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்."

அவன் ஏசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று எடுத்த படத்தில் அவன் கமராவைப் பார்க்கவில்லை. காது கேளாத பக்கம் தில்லைநாதன் நின்றதால், எங்கே பார்க்கச் சொன்னார் என்று அவனுக்குத் தெரியவில்லை. வடு உள்ளபடி இருந்தது. இன்னொருமுறை எடுப்போம் என்றபோது, இது போதும் என்று போய்விட்டான்.

*

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. கரண்ட் நின்றது. பிலிமும் படம் கழுவும் மருந்தும் வருவது நின்றது. ஸ்ரூடியோ பெயருக்குத் திறந்திருந்தது. அந்த ஐப்பசியில், அப்போது ஊரைத் தன் கையில் வைத்திருந்த ஆயுத இயக்கம் பட்டினத்து முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னது. தில்லைநாதன் கலியாணப் படம் எடுத்துக் கொடுத்த மக்பூல் குடும்பமும் உடுத்த உடுப்போடு போனது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, இயக்கத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். மரியாதையான பெடியள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

"ஐயா, ஆமி நிண்ட காலத்திலை ஆர் ஆர் அவங்களோடை திரிஞ்சவை எண்டு விசாரிக்கிறம். உங்கடை நெகரிவ் எல்லாத்தையும் ஒருக்காப் பாக்கவேணும். திங்கக்கிழமை வான் கொண்டுவந்து எடுக்கிறம். சனத்துக்காகத்தான்."

"ஓம் தம்பி" என்றார் தில்லைநாதன்.

அவர்கள் போனதும் குணலட்சுமி அலுமாரியைத் திறந்து தகரங்களை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யிறாய்?"

"ஆற்றை முகமோ அவையிட்டைக் குடுக்கப்போறன்."

"உனக்கென்ன விசரே? உவங்கள் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?"

"நான் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்."

தையல் கடைக்காரரிடமும் கோயிலடியிலும் சொல்லிவிட்டாள். தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு உரும்பிராய், கோண்டாவில் என்று திரிந்தாள். ஆட்கள் வந்தார்கள். ஒரு பெரியவர், கறுப்பும் வெள்ளையும் மாறித் தெரியும் தன் நெகரிவை வெளிச்சத்தில் பிடித்து, "நான் வெள்ளைக்காரன்ரை தலைமயிரோடை இருக்கிறன்" என்று சிரித்தார். ஒரு பெண், இதை வைத்து என்ன செய்வது என்று விளங்காமல் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள். இரண்டொருவர் கோபித்தார்கள். இவ்வளவு காலம் எங்களைக் கேளாமல் வைத்திருந்தாயா என்று ஒருவர் கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்விதான் சரியாகப் பட்டது.

எவரும் கேட்டு வராதவையும் இருந்தன. வெளிநாடு போனவர்கள், செத்தவர்கள், மக்பூல் வீட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவற்றை முற்றத்தில் ஒரு தகரத்துக்குள் போட்டு எரித்தாள். கரும்புகையும் நாற்றமும் வேலிக்கு வெளியே போயின.

அந்த நேரத்தில்தான் குகதாசன் வந்தான். அவன் தடுப்பிலிருந்து வந்தபோது எடுத்த படத்தின் உறையை அவள் எடுத்து வைத்திருந்தாள். அவன் நெகரிவைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"இதையும் அதுக்குள்ளை போடுங்கோ அக்கா."

"இது உன்ரை தம்பி. கொண்டுபோய் அம்மாட்டைக் குடுத்துவை."

"வேண்டாம். என்ரை முகம் ஒரு இடத்திலையும் இருக்கவேண்டாம்."

அவள் யோசித்துக்கொண்டு நின்றபோது அவனே அதைத் தகரத்துக்குள் போட்டான். அது சுருண்டு உருகியது. அவள் தடியால் கிளறிவிட்டாள். அந்த நிமிடம் அவளுக்கு மனம் ஆறினாற்போல்கூட இருந்தது. அவனுக்குச் செய்ததில் ஒரு பங்கையாவது இப்போது தீர்த்துவிட்டோம் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை வான் வந்தது. பெடியள் வெறும் அலுமாரியைப் பார்த்தார்கள்.

"எங்கை அம்மா?"

"குடுத்திட்டன். ஆள் இல்லாததை எரிச்சிட்டன்."

அவர்களில் மூத்தவனின் முகம் மாறியது. "எங்களை நம்பேல்லையோ?"

"உங்களை எனக்குத் தெரியாது தம்பி. நல்ல பிள்ளையளாய்த்தான் இருப்பியள். ஆனால் முந்தி இப்பிடி வந்தவையிட்டைக் குடுத்துத்தான் ஒரு பெடியன் காது கேளாமல் வந்து நிக்கிறான். நான் குடுத்த பிறகு அது ஆற்றை கைக்குப் போகும், அவை அதிலை என்னத்தைக் காணுவினம் எண்டு எனக்குத் தெரியாது. சனம் படம் எடுக்க வந்தது. விசாரணைக்கு வரேல்லை."

மூத்தவன் வெறும் அலுமாரியை மறுபடி பார்த்தான். "ஸ்ரூடியோ ஆற்றை பேரிலை?" என்று மட்டும் கேட்டான்.

தில்லைநாதனைக் கொண்டுபோனார்கள். குணலட்சுமி இதை நினைக்கவில்லை. தன்னைக் கொண்டுபோவார்கள் என்றுதான் நினைத்து ஒரு பையில் உடுப்பும் எடுத்து வைத்திருந்தாள். "நான்தான் செய்தனான், அவருக்குத் தெரியாது" என்று வானுக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடினாள்.

சில நாளில் அவரை விட்டார்கள். அடிக்கவில்லை. ஆனால் கமராவையும் படம் பெருப்பிக்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு ஸ்ரூடியோவைப் பூட்டிவிட்டார்கள். இருபது வயதிலிருந்து கமரா பிடித்த மனிதர். அவர் மனைவியை ஒரு வார்த்தை ஏசவில்லை. காலையில் எழும்பி, முகம் வழித்து, வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் கதிரையில் இருப்பார். மத்தியானம் சேட்டைக் கழற்றி மடித்து வைப்பார்.

*

தொண்ணூற்றிரண்டில் ஒரு சந்தை நாளில் குகதாசன் கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போனான். விமானம் வந்தது. சனம் கிடந்தும் எழும்பியும் ஓடியது. அவன் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றான் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். விமானம் அவனுடைய இடது பக்கமாக வந்தது. எல்லோரும் ஓடுவதைக் கண்டுவிட்டு அவன் நிமிர்வதற்குள் குண்டு விழுந்து முடிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையும் அவனோடு போயிற்று.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு முன் சிவக்கொழுந்து குணலட்சுமியிடம் வந்தாள். அழவில்லை. வாசலில் குந்திக்கொண்டு கேட்டாள்.

"பிள்ளை, அவன்ரை ஒரு படம் வேணும். முப்பத்தொண்டுக்கு வைச்சு விளக்குக் கொளுத்த ஒண்டும் இல்லை."

குணலட்சுமி அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"எங்கடை வீட்டிலை ஒரு படமும் இல்லை. அவன்தான் ஒண்டுக்கும் நிக்கமாட்டானே. உம்மட்டை எடுத்த ரெண்டும்தான்."

"எரிச்சிட்டன் அக்கா. அவன்தான் எரிக்கச் சொன்னவன்."

சிவக்கொழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அப்ப முந்தினது? வடு இல்லாதது? அதெண்டாலும் பரவாயில்லை."

"அது ஆமியிட்டை அக்கா."

அவன் முகம் எங்கேயாவது மிஞ்சியிருந்தால் அந்த அல்பத்திலும், கொழும்பில் ஏதோ ஒரு பெட்டியிலும்தான். அவனைப் பிடித்தவர்களிடம் இருந்தது. பெற்றவளிடம் இல்லை. இரண்டு பெண்களும் அதைச் சொல்லாமலே விளங்கிக்கொண்டார்கள்.

"எனக்கு இப்பவே அவன்ரை சிரிப்பு மறக்கப் பாக்குது பிள்ளை" என்று மட்டும் சொன்னாள் சிவக்கொழுந்து.

அவள் போன பிறகு குணலட்சுமி கணவரின் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள்.

"வைச்சிருந்ததும் பிழை, எரிச்சதும் பிழை எண்டால் நான் என்னத்தைத்தான் செய்திருக்கவேணும்?"

"அவன் சொல்லித்தானே எரிச்சனீ" என்றார் தில்லைநாதன்.

"அவனைக் கேட்டன். தாயைக் கேக்கேல்லை."

மறுநாள் அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பழைய பென்சிலையும் எடுத்துக்கொண்டு உரும்பிராய்க்குப் போனாள். வரைய அவளுக்குத் தெரியாது. இருக்கும் முகத்தில் இருப்பதை மறைக்கத்தான் தெரியும். ஆனாலும் சிவக்கொழுந்து சொல்லச் சொல்ல வரைந்து பார்த்தாள். நெற்றி இன்னும் கொஞ்சம் அகலம். புருவம் இப்படி இல்லை. காது வெளியே தள்ளியிருக்கும். பல பின்னேரங்கள் இருவரும் அப்படி இருந்தார்கள். வடு மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. முகம் வரவில்லை.

"இது அவன் இல்லைப் பிள்ளை" என்றாள் சிவக்கொழுந்து ஒருநாள், நோகாத குரலில். "பரவாயில்லை. நீர் வந்து இருந்துபோட்டுப் போம்."

அந்தியேட்டியன்று படம் வைக்கும் இடத்தில் அவனுடைய சேட் ஒன்றை மடித்து வைத்தார்கள்.

தில்லைநாதன் அடுத்த வருடம் மாரடைப்பில் போனார். அவரை யாரும் கமராவில் எடுத்து வைத்த ஒரு படமும் இருக்கவில்லை என்பது குணலட்சுமிக்குச் செத்தவீட்டில்தான் நினைவுக்கு வந்தது. அவர் எப்போதும் கமராவுக்குப் பின்னால் நின்றவர்.

*

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் கொக்குவிலும் உரும்பிராயும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. ஆமி நெருங்கி வர, இயக்கம் ஒலிபெருக்கியில் போகச் சொன்னது. மழை. நாவற்குழி ரோட்டில் மனிதருக்கு மேல் மனிதர். குணலட்சுமி ஒரு பையோடு தனியாக வந்தாள். உரும்பிராய்ச் சனத்தில் சிவக்கொழுந்தைத் தேடினாள். அவள் வரவில்லை, தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டாள் என்று அவள் வீட்டு ஒழுங்கையில் இருந்த ஒருவர் சொன்னார். திரும்பிப் போக வழியில்லை. சனம் ஒரு பக்கமாகத்தான் நகர்ந்தது.

சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அவளுக்கு ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தது. பக்கத்தில் கைப்பிள்ளையோடு ஒரு இளம் பெண். கோண்டாவில் என்றாள். கதையோடு கதையாக, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள் என்று கேட்டாள்.

"கொக்குவில் ஸ்ரேசனடியிலை எங்களுக்கு ஒரு ஸ்ரூடியோ இருந்தது."

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். "தில்லை ஸ்ரூடியோவோ? ஐயோ அம்மா, என்ரை அண்ணை அங்கைதான் ஐசிக்குப் படம் எடுத்தவர். எண்பத்தொம்பதிலை. அவர் இப்ப இல்லை. வீட்டிலை இருந்த படமும் ஆமி அடிச்ச செல் விழுந்து எரிஞ்சு போச்சு. உங்களிட்டை இருக்குமே?"

"பேர் என்ன பிள்ளை?"

அவள் சொன்னாள். குணலட்சுமிக்கு அந்த உறை நினைவிருந்தது. யாரும் வந்து கேட்காதவற்றில் ஒன்று.

"இல்லைப் பிள்ளை" என்றாள். "என்னட்டை ஒருத்தற்றையும் இல்லை."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் பிள்ளையைத் தட்டிக் கொடுக்கத் தொடங்கினாள். வெளியே மழை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குணலட்சுமி மெல்லக் கேட்டாள்.

"உம்மடை அண்ணை ஆள் எப்பிடி, பிள்ளை? எனக்கு ஒருக்காச் சொல்லும்."